துணியின் அளவும் நாட்டுப்பற்றும்: 1944இல் மாண்ட்ரியல் தெருக்களில் ஜூட் உடை

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், கனடாவின் அன்றைய பெருநகரமான மாண்ட்ரியலில், ஜூட் சூட் எனப்பட்ட தொளதொளப்பான உடையை அணிந்த இளைஞர்களைக் கடற்படையினர் தாக்கி, அவ்வுடையைக் கிழித்தெறிந்தனர். இந்நிகழ்வு பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு மொழியினரிடையே இருந்த பூசலின் வெளிப்பாடாகவே விளக்கப்படுகின்றது. போர்க்காலத் துணிக் கட்டுப்பாட்டோடு இணைத்து நோக்கும்போது, உடையே இம்மோதலின் மையப்பொருளாக இருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: ஜூட் உடை, மாண்ட்ரியல், வெர்டன், போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு, தெரு நாகரிகம், கட்டாயப் படைச்சேர்ப்பு

முன்னுரை

1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாண்ட்ரியலின் மக்கள்தொகை 9,03,007. டொராண்டோ அப்பொழுது இரண்டாம் இடத்திலேயே இருந்தது. துறைமுகம், தொடர்வண்டிப் பணிமனைகள், ஆடை உற்பத்தி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த நகரம் அது. செயின்ட் லாரன்ட் பெருந்தெருவை ஒட்டிய கட்டடங்களில் யூதக் குடியேறிகளும் பிரெஞ்சுக் கனடியப் பெண்களும் தைத்த உடைகள் நாடெங்கும் விற்பனைக்குச் சென்றன. 1937இல் ஏறத்தாழ 5,000 தையல் பெண்கள் இந்நகரில் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதிலிருந்து அத்தொழிலின் அளவை உணரலாம். ஆடையை ஆக்கும் நகரத்தில், ஆடையை அணிந்ததற்காக இளைஞர்கள் அடிபட நேர்ந்தது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

உடையின் அமைப்பும் வருகையும்

ஜூட் உடையின் கோட்டு முழங்காலைத் தொடுமளவு நீண்டது. தோள்களில் பஞ்சணை வைத்துத் தைக்கப்பட்டமையால், அணிபவரின் தோள் இயல்பைவிட அகன்று தோன்றும். கால்சட்டை வயிற்றுக்கு மேலேறித் தொடங்கி, முழங்காலருகே பலூன்போல விரிந்து, கணுக்காலில் கால் நுழைவதே அரிது என்னுமளவுக்குக் குறுகும். அகன்ற விளிம்புடைய தொப்பியும், இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் சாவிச் சங்கிலியும் இதனோடு சேரும். எந்த அலுவலகத்திற்கும் எந்தத் தொழிற்கூடத்திற்கும் இவ்வுடை பொருந்தாது. ஆடுவதற்கும் தெருவில் நடப்பதற்கும் மட்டுமே உரியது. உழைப்பிலிருந்து விடுபட்ட நேரத்தின் உடை என்று இதனைக் கூறலாம்.

1930களின் பிற்பகுதியில் ஹார்லெம் முதலிய அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் இது பரவியது. ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கேப் காலோவே 1943ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் இதனை அணிந்து தோன்றினார். மால்கம் எக்ஸ் தம் தன்வரலாற்றில், பாஸ்டன் நகரில் பதின்பருவத்தில் இத்தகைய உடையைக் கடனுக்கு வாங்கிய செய்தியை விரிவாகவே சொல்கின்றார். பணம் படைத்தோரின் உடையன்று இது. பணம் இல்லாதவர் தம்மைப் பிறர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடன்பட்டும் அணிந்த உடை.

மாண்ட்ரியலுக்கும் ஹார்லெமுக்கும் இடையே தொடர்வண்டி ஒரு பாலமாக இருந்தது. நகரின் செயின்ட் ஆன்ட்வான் பகுதியில் வாழ்ந்த கறுப்பின ஆடவருள் பலர் தொடர்வண்டிகளில் பயணியர் உதவியாளர்களாகப் பணியாற்றினர். அவ்வாறு பணியாற்றியிருந்த ரூஃபஸ் ராக்ஹெட் 1928இல் தொடங்கிய இசைவிடுதி அமெரிக்க ஜாஸ் கலைஞர்களை அந்நகருக்கு ஈர்த்தது. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சனின் தந்தையும் அப்பணியாளருள் ஒருவரே. இசை வந்த வழியில் உடையும் வந்ததில் வியப்பில்லை. ஆனால் 1944இல் மாண்ட்ரியல் தெருக்களில் இவ்வுடையோடு நின்றவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக் கனடிய, இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு மக்கள் பிரிவின் உடை மற்றொரு மக்கள் பிரிவின் இளைஞர்களிடம் சென்று சேர்ந்த இந்நகர்வு, இன்றைய தெரு நாகரிகத்தைப் பற்றிப் பேசுவோர் புதிதெனக் கருதும் ஒன்று. அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுப் பழைமை உண்டு.

துணிக் கட்டுப்பாடு

கனடா 1939 செப்டம்பரில் போரில் இறங்கியபொழுதே போர்க்கால விலை, வணிக வாரியத்தை அமைத்தது. 1941 டிசம்பர் முதல் பொருள்களுக்குப் பொதுவான விலை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, தேயிலை, வெண்ணெய், இறைச்சி ஆகியவை பங்கீட்டு அட்டைக்குள் வந்தன. துணியின் நிலை இவற்றினின்று வேறுபட்டது. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் உடை வாங்கவும் பங்கீட்டுச் சீட்டு தேவைப்பட்டது. கனடா உடைக்குப் பங்கீடு விதிக்கவில்லை. மாறாக உடையின் வடிவத்தைக் கட்டுப்படுத்தியது. கால்சட்டையின் அடிமடிப்பு, மிகைப் பைகள், இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு போன்றவை வீண்செலவு எனக் கருதப்பட்டு விலக்கப்பட்டன. பழைய உடைகளைப் பிரித்துப் புதிதாகத் தைக்குமாறு பெண்களிடம் பரப்புரை செய்யப்பட்டது. வாரியத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் பெண்கள் இதழொன்றின் ஆசிரியரான பர்ன் ஹோப் சாண்டர்ஸ் பொறுப்பேற்றிருந்தார் என்பதும் கருதத்தக்கது. உடையில் சிக்கனம் என்பது சட்டமாக மட்டுமன்றி ஒழுக்கமாகவும் கற்பிக்கப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. வாரியத்தின் ஆணைகள் உடையைத் தைப்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்தின; அணிபவரை அல்ல. ஜூட் உடையைத் தைப்பது விதிமீறல். ஏற்கனவே தைத்து வைத்ததை அணிவதும், அளவில் பெரிய கோட்டை வாங்கி வீட்டிலேயே மாற்றித் தைத்துக்கொள்வதும் குற்றமாகவில்லை. ஆகவே சட்டத்தின் கை தையற்கூடத்தின் வாயிலோடு நின்றது. தெருவில் அவ்வுடையைக் கண்டவர்களோ, சட்டம் அந்த எல்லையில் நிற்பதை அறியவில்லை. அறிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஒருவன் உடலில் தொங்கும் மிகைத் துணியின் அளவு, போர்முயற்சியிலிருந்து அவன் திருடிக்கொண்ட அளவாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

அணிந்தவர்கள்

1930களின் பொருளாதார வீழ்ச்சி மாண்ட்ரியலின் உழைக்கும் மக்களை வாட்டியது. அண்ணனின் சட்டையைத் தம்பி அணிந்து வளர்ந்த தலைமுறை அது. போர் வந்ததும் நிலை மாறிற்று. ஆங்கஸ் தொடர்வண்டிப் பணிமனையில் பீரங்கி வண்டிகள் உருவாயின. வெர்டனில் அமைந்த வெடிபொருள் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை அளித்தது. பதினேழு, பதினெட்டு வயதினர் கையில் முதன்முறையாகத் தம் உழைப்பின் ஊதியம் புழங்கியது. அதனை எதற்குச் செலவிடுவது என்ற வினாவுக்கு அவர்களுள் ஒரு சிறு பிரிவினர் கண்ட விடையே இவ்வுடை. குறைவான துணியோடு வளர்ந்தவர்கள் மிகையான துணியை விரும்பியதை ஊதாரித்தனம் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

அரசியலும் அவர்களைச் சூழ்ந்து நின்றது. கட்டாயப் படைச்சேர்ப்புத் தொடர்பாக 1942 ஏப்ரல் 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் கியூபெக் மாநிலத்தவருள் பத்தில் ஏழு பேருக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தனர். ஏனைய கனடா பெருவாரியாக ஆதரித்தது. படைப்பதிவை எதிர்த்துப் பேசிய மாண்ட்ரியல் மேயர் கமிலியன் ஹூட் 1940 முதல் தடுப்புமுகாமில் இருந்தார். இத்தாலி போரில் இறங்கியபின் ஏறத்தாழ 600 இத்தாலியக் கனடியர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மாண்ட்ரியல்வாசிகளும் இருந்தனர். இந்நிலையில், படைச்சீருடை அணியாத பிரெஞ்சு அல்லது இத்தாலிய இளைஞன் எவனும் ஐயத்துக்கு உரியவனாகவே நோக்கப்பட்டான். ஜூட் உடை அணிந்தவன் அந்த ஐயத்தைத் தானே தேடி அழைத்தவன் ஆனான்.

1944 ஜூன் 3

மே மாத இறுதியில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள செயின்ட் லாம்பர்ட்டில் ஜூட் உடையினருக்கும் படையினருக்கும் இடையே மோதல் நிகழ்ந்தது. அதன் தொடர்ச்சியாக ஜூன் 3, சனிக்கிழமை இரவு, கடற்படையினர் கூட்டமாக மாண்ட்ரியலின் மையப்பகுதியில் ஜூட் உடையினரைத் தேடித் திரிந்தனர். பின்னர் வெர்டனின் ஆற்றோர நடனக்கூடத்துக்குள் புகுந்தனர். அங்கிருந்த ஜூட் உடையினரைப் பிரித்தெடுத்து அடித்து, அவர்களுடைய உடைகளைக் கிழித்தனர்.

வெர்டன் அன்று தனி நகராட்சி; ஏறத்தாழ 67,000 பேர் வாழ்ந்த, ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே தெருவில் ஒலித்த தொழிலாளர் நகரம். தன்னார்வலராகப் படையில் சேர்ந்தோர் மிகுந்த ஊர் என்ற பெயர் அதற்கு உண்டு. கனடியக் கடற்படைக் கப்பலொன்றுக்கு அவ்வூரின் பெயரையே சூட்ட விரும்பினர். வெர்டன் என்ற பெயரில் பிரிட்டிஷ் கப்பல் ஏற்கனவே இருந்தமையால் எழுத்துகளை முன்பின்னாக மாற்றி ‘டன்வெர்’ என்று பெயரிட்டனர். கப்பலுக்குப் பெயர் தந்த ஊரிலேயே கப்பற்படையினர் புகுந்து தாக்கினர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான ஒரு கூறு.

இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1943 ஜூன் 3 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்கக் கடற்படையினர் மெக்சிக அமெரிக்க இளைஞர்களைத் தாக்கத் தொடங்கியிருந்தனர். அங்கும் உடையை உரிப்பதே தாக்குதலின் உச்சமாக இருந்தது. நாள் ஒத்துப்போனது தற்செயல். முறை ஒத்துப்போனதை அவ்வாறு கூற இயலாது.

மொழியா, உடையா?

கனடியக் கடற்படை பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரைக் கொண்டது, தன்னார்வலரால் ஆனது. தாக்கப்பட்டோருள் பலர் பிரெஞ்சு மொழியினர். எனவே இதனை மொழிப்பூசலாகக் காண்பது எளிது. வெர்டனின் போர்க்கால வரலாற்றை எழுதிய செர்ஜ் டர்ஃபிளிங்கர், மொழிப்பூசல் மட்டுமே இதற்கு முழு விளக்கமாகாது என வாதிடுகின்றார். அவர் கருத்துக்கு வலுவான ஒரு சான்று நிகழ்விலேயே உள்ளது. நடனக்கூடத்தில் ஜூட் உடையினரே இலக்காக்கப்பட்டனர். பகை மொழியின்மீது மட்டும் இருந்திருப்பின், சாதாரணக் கோட்டு அணிந்து பிரெஞ்சு பேசியவனுக்கும் அதே அடி விழுந்திருக்க வேண்டும். மொழிப்பகை விறகாக இருந்திருக்கலாம். தீ பற்றிய இடம் துணியே.

பாரிஸ் நகர நிகழ்வுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த அந்நகரில் ‘ஸாஸூ’ எனப்பட்ட இளைஞர்கள் நீண்ட கோட்டும் நீண்ட முடியுமாக ஜாஸ் இசையை விரும்பித் திரிந்தனர். 1942இல் அவர்களைத் தெருவில் பிடித்து முடியை வெட்டியவர்கள், ஜெர்மனியோடு ஒத்துழைத்த வலதுசாரி இளைஞர் அமைப்பினர். அங்கு ஜெர்மனியின் ஆதரவாளர் செய்ததையே இங்கு ஜெர்மனிக்கு எதிராகப் போரிட்டவர் செய்தனர். இரு தரப்பின் கொள்கைகளும் நேரெதிரானவை. ஆயினும் மிகைத் துணியைக் கண்டபொழுது இரு தரப்பும் கொண்ட சினம் ஒன்றே. சீருடைக்குள் ஒடுங்கிய உடல், தன் விருப்பப்படி விரிந்த மற்றோர் உடலைக் கண்டு கொண்ட சினம் அது.

கிழித்தல் என்னும் செயலையும் இவ்வகையிலேயே பொருள்கொள்ள வேண்டும். அடிப்பதற்கு உடையைக் கிழிக்கத் தேவையில்லை. வாரியம் தையற்கூடத்தில் செய்ததை, அதாவது மிகையை வெட்டிக் களைவதை, கடற்படையினர் எவர் ஆணையும் இன்றித் தெருவில் செய்தனர். சட்டம் தொடாது விட்ட உடலைக் கூட்டம் தொட்டது. கடற்படையினரின் மனக்குறையை முற்றிலும் புறக்கணிப்பதும் நேர்மையாகாது. அட்லாண்டிக் கடலில் தோழர்களை இழந்து திரும்பியவர்களுக்கு, நடனக்கூடத்து இளைஞனின் சாவிச் சங்கிலி தம்மை நோக்கிய ஏளனமாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் அந்த இளைஞனின் வயதோ, அவன் பகலில் எந்த வெடிபொருள் தொழிற்சாலையில் உழைத்தான் என்பதோ அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. உடை ஒன்றே தெரிந்தது.

போருக்குப் பின்

மூன்று நாள்களுக்குப்பின், ஜூன் 6 அன்று, ஏறத்தாழ 14,000 கனடியப் படையினர் நார்மண்டிக் கரையில் இறங்கினர். வெர்டன் நடனக்கூடச் செய்தி அப்பெருஞ்செய்தியின் நிழலில் மறைந்தது. கமிலியன் ஹூட் ஆகஸ்டில் விடுதலையாகி டிசம்பரில் மீண்டும் மேயரானார்.

போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் குடிமக்கள் உடை வாங்குவதற்காக அரசு 100 டாலர் வழங்கியது. ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை பேர் கடைக்கு வந்தமையால் கோட்டுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பலர் சீருடையிலேயே காத்திருந்தனர். துணிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, 1940களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்த ஆடவர் கோட்டுகள் இரட்டை வரிசைப் பொத்தானும் நீண்ட உடற்பகுதியும் பஞ்சணை வைத்த அகன்ற தோளும் கொண்டிருந்தன.