நாகூர் தந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயில்

மாநிலத்தின் உச்ச நீதிபீடமான சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர் மர்ஹூம் மு. மு. இஸ்மாயில். கம்பனை ஆழ்ந்து கற்ற அறிஞராகவே நம்மில் பலர் அவரை அறிவோம். அவருடைய நீதிமன்ற வாழ்வையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1921 பிப்ரவரி 8 அன்று நாகூரில் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1967-ல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாகி, அதே ஆண்டில் சென்னைக்கு மாற்றலாகி வந்தார். 1979 நவம்பரில் தலைமை நீதிபதியானார். 1980 அக்டோபர் இறுதியில் சில நாட்கள் தமிழகத்தின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.

அவருடைய பெயரை மக்களிடம் கொண்டு சேர்த்தது சிறை விசாரணை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். தாக்கப்பட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். 1977-ல் அமைக்கப்பட்ட இஸ்மாயில் ஆணையம் கைதிகள், அதிகாரிகள் என இரு தரப்பையும் விசாரித்தது. கைதிகள் அடிக்கப்பட்டது உண்மையே என்று அதன் அறிக்கை கூறியது.

1981 ஜனவரியில் அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்ற உத்தரவு வந்தது. பாட்னாவின் தலைமை நீதிபதி கே. பி. என். சிங் சென்னைக்கு மாற்றப்பட்டார். அரசியல் சட்டத்தின் 222-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆயினும் அரசுக்குப் பிடிக்காத நீதிபதியை அகற்ற மாற்றல் ஒரு கருவியாகிவிடுமோ என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1981 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது சிங்கின் மாற்றல் செல்லும் என்றானது. அதற்கு முன்பே இஸ்மாயில் பதவி விலகிவிட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 62. அதை எட்ட அவருக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆனாலும் அவர் கேரளம் செல்லவில்லை.

அதன்பின் தமிழே அவர் பணியானது. சென்னைக் கம்பன் கழகத்தின் நிறுவனத் தலைவராக இறுதிவரை இருந்தார். வாலி வதத்தை ஆராயும் ‘மூன்று வினாக்கள்’ என்ற அவரது நூலில், இரு தரப்பையும் கேட்டு எடைபோடும் நீதிபதியையும் நாம் காணலாம். 2005 ஜனவரி 17 அன்று காலமானார்.

சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நீதிபதி நாற்காலியில் அமர்வது எத்தனை பெருமையோ, வேண்டிய நேரத்தில் அதை விட்டு எழுந்து வருவதும் அத்தனை பெருமை என்பதை அவர்களுக்கு இவர் வாழ்வைக் காட்டி நாம் சொல்லலாம்.