கற்றோர் ஏடும் கரையோர் நாவும்

கல்வி கற்றோரிடத்தே மட்டும் தங்குமாயின் அது தேங்கிய நீராகுமேயன்றி வயலுக்குப் பாயும் வாய்க்காலாகாது. ஒரு பொருளைப் பயன்படுத்துவோரின் நிலையை முதலில் அறிந்து, எவரும் எளிதிற் கையாளத்தக்கதாய் அதனை அமைக்கும் முயற்சியை இக்காலத்தார் பயனர் அனுபவ வடிவமைப்பு என்பர். பல்கலைக்கழக ஆய்வை விடுத்து அத்துறையை நாடுவோரும் உளர். பெயர் புதிதாயினும் அந்நோக்கு புதிதன்று. மன்னாரும் அதன் எதிர்க்கரையும் பதினாறாம் நூற்றாண்டிலேயே அதனைக் கண்டன.

போர்த்துக்கலின் விலா விசோசாவில் 1520இற் பிறந்த என்றீக்கே என்றீக்கஸ், கொயிம்பிராப் பல்கலைக்கழகத்திலே திருச்சபைச் சட்டம் பயின்றவர். யூத மரபில் வந்தவர் என்பதனாற் பிரான்சிஸ்கன் சபையினின்றும் விலக நேர்ந்தது. பின்னர் 1545இல் இயேசு சபையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டிலே இந்தியாவுக்குக் கப்பலேறினார். புறந்தள்ளப்படுதலின் துயரை அறிந்த அக்கல்விமான், கடலோடிகளும் முத்துக்குளிப்போரும் வாழ்ந்த கரையை வந்தடைந்தார்.

ஆங்கு அவர் கண்ட குறை யாது? சமய போதனை மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே மக்களைச் சென்றடைந்தது. பொருள் இடையிலே திரிந்தது. ‘விசுவாசம்’ என வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று மக்கள் ஓதிவந்ததைப் பிரான்சிஸ் சவேரியாரே 1544இற் கண்டு திருத்தும்படி எழுதினார். நம்புகிறேன் என்பது விரும்புகிறேன் என்றாகிவிட்டது. 1554இல் லிஸ்பனிலே தமிழ் மன்றாட்டுகள் அச்சேறின. ஆயின் எழுத்து உரோமன் எழுத்தாயிருந்தது. தமிழெழுத்து மட்டும் அறிந்த கரையோர்க்கு அந்நூல் பூட்டிய பெட்டியே.

குறை கேட்போரிடத்தன்று, சொல்வோரிடத்தே என்பதை உணர்ந்ததே என்றீக்கஸ் அடிகளாரின் சிறப்பு. மக்கள் போர்த்துக்கேய மொழியைக் கற்கட்டும் என அவர் காத்திருக்கவில்லை. தாமே தமிழ் கற்றார். அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் புலவர் வழக்கை விடுத்து அக்காலப் பேச்சு வழக்கைப் பெரிதும் பதிவு செய்தது. தம்முடன் பணிபுரிய வருவோர் மக்களோடு நேரே உரையாட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். புன்னைக்காயற் பரதவர் பலர் மன்னாருக்குக் கொண்டுவரப்பட்டனர், அடிகளாரும் உடன்வந்தார். மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழுக்கென ஓர் உயர்கல்விக்கூடம் அமைய வேண்டும் என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். பல்கலைக்கழகத்தைவிட்டு மக்களிடம் வந்தவர், மக்களின் மொழிக்கே ஒரு கல்விக்கூடம் வேண்டியமை ஈண்டு நோக்கற்பாலது.

அவர் உழைப்பின் கனி அச்சு நூல்களாயிற்று. 1578 ஒக்டோபர் 20இல் கொல்லத்திலே பதினாறு பக்கங்கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 14இல் கொச்சியிலே ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. இது ஆசிரியனும் மாணாக்கனும் வினாவி விடையிறுக்கும் முறையில் அமைந்தது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு மனங்கொள்ளத்தக்க முறை இது; எழுத்தறியாதாரும் இதனால் விலக்கப்பட்டிலர். 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. இவை ஒருவரால் மட்டும் ஆனவையல்ல. கொல்லத்து எழுத்துக்களை வார்ப்பித்தவர் ஜுவாம் தெ பாரியா பாதிரியார். பொருளுதவி நல்கியோர் பரதவர். பயன்கொள்வோரே ஆக்கத்திலும் பங்குகொண்டனர்.

இம்முயற்சிக்குக் குறையே இல்லையென்பது மிகையாகும். மன்னாருக்கு மக்கள் பெயர்ந்தமை முழுவதும் அவர்தம் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. அது ஆட்சியாளரின் திட்டம். அச்சும் சமயப் பரப்புதலின் கருவியாகவே பிறந்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடுகளை எழுத்தில் தெளிவுறக் காட்டும் சீர்திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டிலே வீரமாமுனிவரால்தான் வந்தது. அதுவரை படிப்போர் இடம் நோக்கியே ஒலி உணர வேண்டியிருந்தது.

எனினும் ஓருண்மை நிலைபெறுகிறது. கற்றோர் தம் மொழியிலேயே நின்று மக்களைத் தம்பால் அழைத்தவரை நூல் மூடியே கிடந்தது. மக்களின் நாவிலிருந்து தொடங்கியபோதே அது திறந்தது. 1600இல் மறைந்த அடிகளாரின் உடல் தூத்துக்குடியில் அடக்கம் பெற்றது. இன்று ஏட்டுக்கு ஈடாகத் திரை வந்துள்ளது. அதனை அமைப்போர்முன் நிற்பதும் அக்கரையில் எழுந்த வினாவே: இதனைப் பயன்கொள்ள இயலாது வெளியே நிற்பவர் யார்?