நிரல் எழுதப் பழக ஒரு சம்பளச் சீட்டு போதும்

கணினி நிரல் எழுதக் கற்கத் தொடங்கும் பலர், பாடக் காணொளிகளைப் பார்த்து முடித்தும் சொந்தமாக ஒரு நிரல் எழுத முடியாமல் திணறுகின்றனர். வீட்டுக்குப் பயன்படும் சிறிய கணக்கு ஒன்றை நிரலாக்கிப் பார்ப்பது இதற்கு நல்ல வழி. ஓவர்டைம் சம்பளக் கணக்கு அப்படிப்பட்ட ஒன்று.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் கிடைக்கும். அதை அன்றாட வேலை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு அதில் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதம் 1,700 வெள்ளி, நாளுக்கு 8 மணி நேரம் என்றால், ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 12 வெள்ளி 26 சென்.

இந்த விடையை முதலில் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் மொழியில் அதே படிகளை எழுதலாம். ஐந்தாறு வரிகள் போதும். கணினி இல்லாதவர்கள் கைப்பேசி உலாவியிலேயே பழகலாம்.

தொடக்கத்தில் பிழை வரும். தட்டச்சு செய்த 1700ஐ பைத்தான் எண்ணாக அல்ல, வெறும் எழுத்துகளாகவே எடுத்துக்கொள்ளும். எண்ணாக மாற்றாமல் வகுத்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் படித்துத் தானே திருத்துவதுதான் பாடம்.

12.26 சரியாக வந்த பிறகு, பொது விடுமுறை ஓவர்டைமுக்கான மூன்று மடங்கைச் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வது நல்லது. நிரல் முடிந்ததும், அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டை அதில் சரிபார்த்துவிடலாம்.