ஜுமியேஜ் மடத்தின் சிதைவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் படங்களும்

இடைக்கால மடாலயங்களின் சிதைவுகளைக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் படங்கள், மனிதர் செய்த இடிப்பைக் காலத்தின் வேலையாகத் தோன்றச் செய்தன என்பது இக்கட்டுரையின் துணிபு. நார்மண்டியில் சேன் ஆற்றோரம் உள்ள ஜுமியேஜ் மடம் இதற்குத் தக்க சான்று.

பெனடிக்ட் சபையைச் சேர்ந்த இம்மடம் 654-இல் நிறுவப்பட்டது. அதன் பெரிய தேவாலயம் 1067-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவிகள் வெளியேற, மடம் தேசியச் சொத்தாகித் தனியாருக்கு விற்கப்பட்டது. அதன் உரிமையாளரான மர வணிகர் லெஃபோர், 1802-இல் தேவாலயத்தின் கிழக்குப் பகுதியை வெடி வைத்துத் தகர்த்தார். மடம் கல் எடுக்கும் இடமாயிற்று.

நோடியே, டேய்லர் குழுவினரின் பிரான்சுப் பயணப் படத்தொகுதி வெளிவரத் தொடங்கியது 1820-இல். ஜுமியேஜ் இடம்பெற்ற அந்த முதல் தொகுதி வந்தபோது வெடிச் சத்தம் ஓய்ந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள கோலால் சுண்ணாம்புக்கல் மீது வரைந்து அச்சிடும் கல்லச்சு முறை, கருமையிலிருந்து வெண்மைக்கு மெல்ல மெல்ல மாறும் சாயல்களுக்கு ஏற்றது. உடைந்த விளிம்புகள் அதில் மங்கலாகிச் செடிகொடிகளின் நிழலோடு கலந்துவிடுகின்றன. ஆங்கில ஓவியர் கோட்மன் 1822-இல் வெளியிட்ட நார்மண்டிக் கட்டடத் தொகுதியின் 100 படங்கள் வேறு வகை. செப்புத் தகட்டின் மெழுகுப் பூச்சை ஊசியால் கீறி அமிலத்தில் அரிக்கவிடும் அம்முறை, வளைவையும் தூண்தலையையும் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும்.

கட்டடமே சாட்சி சொல்கிறது. மேற்கே சுமார் 46 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களும் நடுக்கூடத்தின் நெடுஞ்சுவர்களும் நிற்கின்றன. நடுக்கோபுரத்தில் மேற்குச் சுவரும் அதன் பேரளவு வளைவும் மட்டுமே எஞ்சின. அதற்குக் கிழக்கே ஏறக்குறைய வெறுந்தரை. மழையும் வேரும் ஒரு கட்டடத்தைத் தின்றால் கூரையில் தொடங்கி ஆங்காங்கே அரிக்கும். ஒரு பக்கத்தை நிற்கவிட்டு மறுபக்கத்தை அடியோடு வழித்தெடுக்காது. கல்லச்சின் பனிமூட்டம் மறைப்பது இந்த வெட்டுக்கோட்டைத்தான்.

இப்படங்களே பாதுகாப்பு உணர்வை வளர்த்தன என்ற மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. 1830-இல் பிரான்சில் வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளர் பதவி உருவானது அத்தகைய சூழலில்தான். ஆனால் அதே இரசனை கல்லையும் கடல் கடத்தியது. பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்டூவர்ட் டி ராத்சே பிரபு, 1830-களில் இங்கிலாந்தில் எழுப்பிய ஹைகிளிஃப் மாளிகையில் ஜுமியேஜ் கற்களைப் பதித்தார். சிதைவைப் போற்றுவதும் பிரித்தெடுப்பதும் ஒரே காலத்தில், ஒரே வர்க்கத்தாரிடையே நடந்தன.

ஆகவே இவ்வகைப் படங்களை வரலாற்று ஆதாரமாகக் கொள்வோர், சொத்து கைமாறிய ஆவணங்களோடு சேர்த்தே அவற்றைப் படிக்க வேண்டும். எது எஞ்சியது என்பதைப் படம் சொல்லும். எஞ்சாததை யார், எந்த விலைக்கு எடுத்துச் சென்றார் என்பதைப் பத்திரங்களில்தான் தேட வேண்டும்.