ரெண்டு குடம் தண்ணி: பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கை கழுவின வரலாறு



நம்ம பக்கத்துல 'கை கழுவுறது'ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு, சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி கழுவுறது. இன்னொண்ணு, ஒரு காரியத்தை 'எனக்கென்ன போச்சு'ன்னு விட்டுட்டுப் போறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட சுத்தம் எப்படி வந்துச்சுன்னு பழைய கதையைக் கிளறினா, இந்த ரெண்டு அர்த்தமும் கலந்துதான் வருது.

'கிராமத்து ஜனங்களுக்கு அந்தக் காலத்துல சுத்தம்னா என்னன்னே தெரியாது, படிப்பு வந்துதான் தெரிஞ்சுக்கிட்டாங்க'ன்னு நிறையப் பேர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டைன்னு இந்தக் கரிசக்காட்டுல பிறந்தவங்களுக்குத் தெரியும், இங்க குறைச்சலா இருந்தது தண்ணிதான்.

ஊருணி காலத்தையே எடுத்துக்குவோம். ஊருக்கு ரெண்டு ஊருணி இருந்தா ஒண்ணு குடிக்க, இன்னொண்ணு குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. குடிதண்ணி ஊருணியில செருப்புக் காலோட இறங்க முடியாது. எச்சில் துப்பினா ஊர்க்கூட்டத்துல நிறுத்திருவாங்க. மழைக்காலத்துல கலங்கின தண்ணியா வந்தா, பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ராத்திரி வச்சா காலையில தெளிஞ்சு நிக்கும். பல்லுக்கு வேப்பங்குச்சி, ஏனத்துக்குச் சாம்பல், துணிக்கு உவர்மண். இதெல்லாம் சுத்தம் தெரியாத ஜனங்க செய்யிற வேலையா?

ஆனா கோடையில ஊருணி வத்தினா, ஒரு குடத்துக்கு விடியக்காலம் எந்திரிச்சு ஊத்துத் தோண்டி, சிரட்டையில மோந்து மோந்து நிரப்பணும். அந்தத் தண்ணிக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல குடிக்க, அப்புறம் உலை, அப்புறம் மாடு கன்னு. பிள்ளைங்க கைக்கு வரும்போது குடத்துல ஒண்ணும் இருக்காது. 'கூழானாலும் குளித்துக் குடி'ன்னு சொன்னவங்களுக்கு, கூழ் கரைக்கவே தண்ணி இல்லாத ஊர் தெரிஞ்சிருக்காது போல.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. கண்ணுக்குத் தெளிவாத் தெரியிற தண்ணியிலயும் நோய் இருக்கும்ங்கிறது அப்போ யாருக்கும் தெரியாது. 1884-ல ராபர்ட் கோக்ங்கிற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுல ஒரு குளத்துத் தண்ணியில காலராக் கிருமி இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். அந்தக் குளமும் நம்ம ஊருணி மாதிரிதான். சுத்தியும் வீடுங்க, எல்லாப் புழக்கமும் அதுலயேதான். வாந்திபேதி மாரியாத்தா கோபத்துல வரலை, தண்ணியில வருதுன்னு உலகத்துக்கே தெரிஞ்சு இன்னும் 150 வருஷம் ஆகலை.

நரம்புச் சிலந்தின்னு ஒரு நோய் இருந்ததைப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. படிக்கட்டுக் கிணத்துல, குளத்துல காலை நனைச்சு இறங்கித் தண்ணி மோந்து குடிக்கிற இடத்துல வரும். ஒரு வருஷம் கழிச்சு கால்ல கொப்புளம் கிளம்பி, அதுலேருந்து முழ நீளத்துக்கு நூல் மாதிரிப் புழு வெளிய வரும். அதைக் குச்சியில சுத்திச் சுத்தித்தான் எடுக்கணும். இதுக்குத் தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணியைத் துணியில வடிகட்டினதும், படிக்கட்டுக் கிணறுகளை மாத்தினதும், அடிபம்பு போட்டதும்தான் அதை ஒழிச்சுச்சு. தமிழ்நாட்டுல 1980-கள்லயே ஒழிஞ்சது. இந்தியாவுல கடைசி ஆள் 1996-ல ராஜஸ்தான்ல. 2000-ல உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்திருச்சு. நல்ல தண்ணி பக்கத்துல வந்தா நோய் தானாப் போகும்ங்கிறதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கொக்கிப்புழு கதை வேற மாதிரி. அது வாய் வழியா இல்ல, வெறுங்கால் வழியா ஏறும். வெளிக்கு இருந்த இடத்துல ஈர மண்ணுக்குள்ள கிடக்கும். அதுல மிதிச்சா தோலைத் துளைச்சு உள்ள போய் குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளுத்து, சோர்ந்து, வகுப்புல தூங்கி விழும். வாத்தியார் 'மக்கு'ன்னு பெஞ்சு மேல ஏத்துவார். 1920-கள்ல அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்துல கொக்கிப்புழு ஒழிப்பு வேலை பார்த்துச்சு. கக்கூஸ் கட்டுங்க, செருப்புப் போடுங்கன்னு சொன்னாங்க. 1939-ல சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்துச்சு. இந்தியாவுலயே அந்த மாதிரிச் சட்டம் அதுதான் முதல்ல. சட்டம் வந்துச்சு, செருப்பு வரலை. எங்க தலைமுறையில பாதிப் பேர் வெறுங்காலோட பள்ளிக்கூடம் போனவங்கதான்.

இப்போ பள்ளிக்கூடத்துப் பானைக்கு வருவோம். இதைச் சொல்லாம இந்த வரலாறு முடியாது.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள்ல மூலையில ஒரு மண்பானை, மேல ஒரு தட்டு, ஒரு டம்ளர். பல ஊர்கள்ல அந்தப் பானையைத் தொடலாமா கூடாதாங்கிறதைப் பிள்ளை பிறந்த தெருதான் தீர்மானிச்சுச்சு. சில பிள்ளைங்க கையைக் குவிச்சு நிக்கும், இன்னொருத்தர் மேலருந்து ஊத்துவார். அந்தத் தண்ணியில குடிக்கிறதே பெருசு, கை கழுவ எங்க கேக்கிறது? 1924-லயே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு. தீர்மானம் நிறைவேறியும் ஊருணிக் கரையிலயும் பானை ஓரத்துலயும் பல வருஷத்துக்கு அது எட்டலை. 'சுத்தம்'னு ஒரே வார்த்தையை வச்சு ரெண்டு வேலை பார்த்தாங்க. அழுக்குக்கும் அதே வார்த்தை, தீட்டுக்கும் அதே வார்த்தை. கையில அழுக்கு இருந்தா கழுவிரலாம். பிறப்புல அழுக்குன்னு சொன்னா எதை வச்சுக் கழுவுறது? பிள்ளைங்களுக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்கிற யாரும் இந்த ரெண்டையும் முதல்ல பிரிச்சுச் சொல்லணும்.

1956-ல மதிய உணவு வந்துச்சு. நம்ம விருதுநகர்க்காரர் காமராசர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். பசியோட வர்ற பிள்ளை எப்படிப் படிக்கும்னு யோசிச்சாங்க. 1961-லேருந்து கேர் நிறுவனம் மூலமா அமெரிக்காவுலருந்து மக்காச்சோள மாவும், பால் பவுடரும், எண்ணெயும் வந்துச்சு. எனக்கு அந்த மஞ்ச உப்புமா ருசி இன்னும் நாக்குல இருக்கு.

சோறு வந்த அன்னைக்கே கை கழுவுற பழக்கமும் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்திருக்கணும். வரலை. மணி அடிச்சதும் எல்லாரும் தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிப்போம். கையை டவுசர்ல ரெண்டு தேய். அவ்வளவுதான். தின்னு முடிச்சதும் மண்ணை அள்ளித் தட்டைத் தேய்ச்சு, கண்மாயில தண்ணி கிடந்தா அங்க ஓடுவோம், இல்லாட்டி அப்படியே பைக்குள்ள. புத்தகத்துல 'உண்ணும் முன் கைகளைக் கழுவ வேண்டும்'னு பாடம் இருக்கும். காலைப் பிரார்த்தனையில வாத்தியார் நகம் பார்ப்பார். நகத்துல அழுக்கு இருந்தா ஸ்கேல் அடி உண்டு. கழுவத் தண்ணி மட்டும் இருக்காது. பிள்ளைங்க வயித்துல நாக்குப்பூச்சி, ராத்திரியில கீரிப்பூச்சி அரிப்பு, விரல் இடுக்குல சிரங்கு. வருஷம் ஒரு தடவை வீட்டுல விளக்கெண்ணெய் ஊத்திவிட்டு வயித்தைக் கழுவிவிடுவாங்க. அடுத்த வாரமே அந்த நகம் வழியா மறுபடியும் முட்டை உள்ள போயிரும்.

நிலைமையை மாத்தினது ஒரு இரும்புத் துண்டு. இந்தியா மார்க் 2 அடிபம்பு. அதுக்கு முன்னாடி வந்த வார்ப்பிரும்புப் பம்புங்க ஊர் முழுக்க அடிக்கிற அடி தாங்காம மாசத்துக்கு ஒண்ணு கெட்டுப்போச்சு. யுனிசெஃப் உதவியோட 1970-கள்ல உறுதியான மாடல் ஒண்ணை உருவாக்கி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஆழமான போர்கள்ல போட்டுப் பார்த்து, சென்னையில ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியில செஞ்சாங்க. நம்ம நாட்டுல தொடங்கி ஆப்பிரிக்கா வரைக்கும் போன பம்பு அது. அது பள்ளிக்கூடம் பக்கத்துல வந்த பிறகுதான், ஒருத்தன் அடிக்க நாலு பேர் கையை நீட்டுற பழக்கம் வந்துச்சு. பம்பை யாரு வேணா அடிக்கலாம், பானை மாதிரி மேலருந்து ஊத்த ஆள் தேவையில்லை. அதுவும் சும்மா நடந்துரலை, அடிபம்புலயும் சண்டை நடந்த ஊருங்க உண்டு.

1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில தொடங்கினார். சத்துணவு மையம், அமைப்பாளர், ஆயான்னு ஆள் வந்தாங்க. பிள்ளைங்களுக்குப் பல்பொடி கொடுத்தாங்க, செருப்பும் கொடுத்தாங்க. அப்போ அதைக் கிண்டல் பண்ணினவங்க இருக்காங்க. கொக்கிப்புழுவை நினைச்சுப் பார்த்தா அந்தச் செருப்பு ஒரு மருந்துதான்.

ஆனா நம்ம பக்கம் இன்னொரு இடைஞ்சல். போர் தண்ணி பாதி ஊர்ல உப்பு. உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது, திரிதிரியாப் போகும். பிசுபிசுப்பு போகாது. 'இந்தப் பிள்ளைங்க சோப்பே போட மாட்டேங்குது'ன்னு பட்டணத்துலருந்து வந்தவங்க சொன்னாங்க. அந்தத் தண்ணியில ஒரு தடவை அவங்க குளிச்சுப் பார்த்திருந்தா சொல்லியிருக்க மாட்டாங்க. கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் சோப்பு சோப்பா வேலை செஞ்சுச்சு.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கே வராத பிள்ளைங்களும் இருந்தாங்க. விடியக்காலம் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து அள்ளிட்டுப் போயிரும். கட்டை அடுக்கின கை, பெட்டி ஒட்டின பசைக் கை, மருந்து ஒட்டின கை. அதே கையில தூக்குவாளிச் சோறு. 1986-ல குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்துச்சு. 1996 டிசம்பர் 10-ல எம்.சி.மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சிவகாசியைப் பத்தித்தான் தீர்ப்பு சொல்லுச்சு. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வச்ச முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டணும்னு. அந்தக் கைகளுக்கு முதல் சுத்தமே ஆபீஸை விட்டு வெளிய வந்ததுதான்.

கக்கூஸ் கதை கடைசியாத்தான் வந்துச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டம் நல்ல குடிதண்ணியும், ஆண் பெண் பிள்ளைங்களுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் இருக்கணும்னு சொல்லுது. 2012 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் ஆறு மாசத்துல செஞ்சு முடிங்கன்னு உத்தரவு போட்டுச்சு. 2014-ல தூய்மை இந்தியா. கட்டடம் வந்துச்சு. பல இடத்துல பூட்டும் சேர்ந்து வந்துச்சு. தண்ணி இல்லாத கக்கூஸைப் பூட்டி வைக்காம என்ன செய்யிறது? பொம்பளப் பிள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு, அதுக்காகவே தண்ணி குடிக்காம இருந்தாங்க. கழுவ ஆள் இல்லைன்னு பிள்ளைங்களையே, அதுலயும் குறிப்பிட்ட தெருப் பிள்ளைங்களை மட்டும் கழுவ விட்ட செய்திகளும் பேப்பர்ல வந்துச்சு. பானையில பார்த்த பழைய தீட்டு புதுக் கட்டடத்துக்குள்ளயும் நுழைஞ்சிருச்சு.

2008-லேருந்து அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். 2015-லேருந்து பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள், பிள்ளைக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை, சின்னஞ்சிறுசுக்குப் பாதி. நல்ல விஷயம்தான். ஆனா மாத்திரை உள்ள இருக்கிற புழுவைத்தான் கொல்லும், நாளைக்கு நகம் வழியாப் போறதைக் கொல்லாது. சோப்புப் போட்டு ஒழுங்காக் கை கழுவினாலே பிள்ளைங்க வயித்துப்போக்கு மூணுல ஒரு பங்கு அளவுக்குக் குறையுதுன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம், விவசாயி கணக்கு. ஒரு தொடக்கப் பள்ளியில 60 பிள்ளைங்க. ஒரு பிள்ளை 20 விநாடி தேய்ச்சுக் கழுவணும். குழாய் ஒண்ணுதான்னா 1,200 விநாடி, 20 நிமிஷம். சோறு ஆறிப்போகும், பசியில எவன் நிப்பான்? டவுசர்ல ரெண்டு தேய்ப்புத்தான். ஆறு குழாய் இருந்தா நாலு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர்னு வச்சாலும் 30 லிட்டர், அதாவது ரெண்டு குடம். எங்க ஆத்தா காலத்துல ரெண்டு குடம்னா அரை நாள் பாடு. இன்னைக்கு மோட்டார் போட்டா ஒரு நிமிஷம்.

2023 ஆகஸ்ட்லேருந்து கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துலயும் காலை உணவும் வந்தாச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சோத்துல கை வைக்குது. அதனால பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குழுவுல முக்கால்வாசி பெத்தவங்க, பாதி பொம்பளைங்க இருக்கணும்ங்கிறது சட்டம். அடுத்த கூட்டத்துல பிள்ளைங்க எத்தனை, தண்ணி வர்ற குழாய் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. காசு இல்லைன்னு சொன்னா, நம்ம தோட்டத்துல கிடக்கிற பிவிசி குழாய் ஒரு நீளம் போதும். வரிசையாத் துளை போட்டு, தொட்டியில இணைச்சு, முன்னாடி ஒரு வால்வு வச்சா பத்துப் பிள்ளைங்க ஒரே நேரத்துல கழுவலாம். ஓடுற தண்ணியை வாய்க்கால் வெட்டி நாலு வாழைக்கு விடுங்க. ஒரு வலைப்பையில சோப்பைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டா காக்காயும் தூக்காது, மண்ணுலயும் விழாது.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல எத்தனை குழாய்னு எண்ணிப் பார்த்துட்டு எழுதுங்க. பிவிசி குழாய் மாட்டுறதுக்கு ஆள் வேணும்னா, மல்லாங்கிணறு சுத்துவட்டாரத்துல எங்கன்னாலும் நான் வர்றேன்.