பட்டத்தின் பாடமும் பதவியும்: கல்முனைக் கரையோர வரலாறு காட்டும் உண்மை

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நிரல்பட அமைந்த கரையோர ஊர்கள் 1961ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்திருந்து, அதன்பின் அம்பாறை மாவட்டத்தின் பாற்பட்டன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராகவும், அவரை அடுத்துத் தமிழ் இந்துக்களும் கிறித்தவரும் வாழும் இப்பகுதியின் முதற்றொழில் நெல் வேளாண்மையே. வயலை ஈடுவைத்தேனும் மகனையும் மகளையும் படிப்பிக்கத் துணிந்த பெற்றோர், எப்பாடத்திற் பட்டம் பெற்றால் உத்தியோகம் கிட்டும் என வினவுதல் இயல்பே. இவ்வினாவுக்கு இக்கரையின் வரலாறு எக்காலத்திலும் ஒரே விடையைத் தரவில்லை.

1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று, 1920இல் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் பணிபுரிந்தார். பின்னர்த் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். இவரே 1931இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும், 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையிலும் முதற் றமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் இவர் சித்தியெய்தியிருந்தார் என்பது உண்மையே. ஆயினும் சர்வகலாசாலைப் பட்டம் விஞ்ஞானத்திற் பெற்றதே. அப்பட்டம் தமிழாசனத்துக்குத் தடையாயிற்றில்லை. தடையாகாதது மட்டுமன்று, 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் அடிகள் கணித்த முறையை நோக்குவார்க்கு, பௌதிகமும் கணிதமும் பயின்ற மூளையன்றிப் பிறிதொன்று அந்நூலை அவ்வாறு யாத்திருத்தல் அரிது என்பது புலனாகும். பாடம் பதவியை வகுக்கவில்லை. பதவியிலிருந்து செய்த பணியையே வகுத்தது.

இரண்டாம் சான்றும் கல்முனையோடு தொடர்புடையது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற ஏ. எம். ஏ. அஸீஸ், வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாவார். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. நெற்களஞ்சியமாகிய கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று நிறுவப்பட, அதன் உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். வரலாறு கற்றவர் காடு வெட்டி வயலாக்குவிக்கும் பணியைத் தலைமேற்கொண்டார்! அப்பணியினிடையே இப்பகுதி முஸ்லிம் சிறாரின் கல்விக் குறைவைக் கண்ணாரக் கண்டவர், 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945இல் எழுந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கும் அவரே மூலவர். 1948இற் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபரானார்.

இவ்விருவரும் அருந்திறலோர், அவரைக்கொண்டு பொதுவிதி கூறலாமோ எனின், தனித்திறமை மட்டும் காரணமன்று என்க. 1854ஆம் ஆண்டு இந்திய சிவில் சேவை பற்றி மெக்காலே தலைமையில் எழுந்த அறிக்கை, எத்துறையிலாயினும் ஆழக் கற்றவனே ஆட்சிக்குத் தக்கவன் என்னுங் கொள்கையை நிலைநாட்டியது. அம்மரபே இலங்கைக்கும் வந்தது. அன்றியும் பட்டதாரிகள் மிகச் சிலரே. 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை தொடங்கியபோது மாணவர் தொகை 904 மட்டுமே. பட்டமே அரிதாயிருந்த காலத்தில், பாடம் யாதென வினவுவார் யாருளர்?

1945இன் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் இந்நிலையை மாற்றின. சுயமொழி வழியாக உயர்கல்வி வாயில் திறந்தபின், 1960களின் நடுப்பகுதியில் சர்வகலாசாலை மாணவர் தொகை பத்தாயிரத்தைக் கடந்தது. விஞ்ஞான கூடமில்லாத பாடசாலைகளிலிருந்து வந்த கிராமத்து மாணவர்க்குக் கலைத்துறையன்றி வேறு வழியில்லை; ஆதலின் அவர்தம் பாடத்தை அவர் தெரிந்தெடுத்தார் என்பதினும், ஊர்ப் பாடசாலை தெரிந்தெடுத்தது என்பதே பொருந்தும். கலைப்பட்டதாரியை ஏற்கும் தொழிலோ பெரும்பாலும் ஆசிரியத் தொழில் ஒன்றே. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் மட்டும் அறிந்தார்க்கு ஏனைய அரசாங்க அலுவலகங்களின் வாயிலை ஒடுக்கியது. எனவே இக்கரையிற் பாடத்தினும் மொழியே பெருந்தடையாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து, டட்லி சீர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, கல்வி வளர்த்த எதிர்பார்ப்பும் நாட்டிலுள்ள தொழில்களும் ஒன்றோடொன்று பொருந்தாமையை விரித்துக் கூறிற்று. எண்ணிக்கை பெருகி, வேலை பெருகாதபோதுதான் பாடம் தீர்ப்பளிக்கத் தொடங்கியது.

1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி இக்கரையிலேயே தோன்றி, அடுத்த ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒலுவிலில் நிலைபெற்ற அது, முதலில் நடத்தியவை கலை, முகாமைத்துவப் பீடங்களே. பிரயோக விஞ்ஞானமும் பொறியியலும் பின்னரே வந்தன. தலைப்பிள்ளை கலை கற்ற வீட்டில் இளையபிள்ளை வேறு துறை நாட இதனால் இடமுண்டாயிற்று. எனினும் 2020இல் வேலையற்ற பட்டதாரிகளை அரசாங்கம் நாடெங்கும் பயிலுநராகச் சேர்த்தபோது, அடிப்படைத் தகுதியாகக் கொண்டது பட்டத்தையே. அஸீஸ் காலத்தில் பாடம் கேளாத அரசு கடும் போட்டித் தேர்வை வைத்தது. 2020இல் பாடமும் கேட்கப்படவில்லை, அத்தகைய தேர்வும் இல்லை.