எரிக் ஷாப்லரும் டீச் திட்டமும்

எரிக் ஷாப்லர் (1927–2006) ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டீச் என்னும் திட்டத்தை உருவாக்கிய உளவியலாளர். தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்லப்படும் ஆட்டிசத்துக்குப் பெற்றோரே காரணம் என்று மனநல மருத்துவர்கள் பலர் நம்பிய காலத்தில், அந்தப் பெற்றோரையே சிகிச்சையில் கூட்டாளிகளாக ஏற்றுக்கொண்டவர் இவர்.

பழியின் தோற்றம்

1943இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது அதன் பிறகுதான். பிறரோடு உறவாடும் இயல்பு இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருப்பதாகக் கானர் கருதினார். ஆனால் இவர்களின் பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் சேர்த்து எழுதினார். சில ஆண்டுகளுக்குப் பின், குழந்தைகள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டதைப் போல வளர்ந்தார்கள் என்றும் குறிப்பிட்டார். பிறவிக் காரணத்தைப் பலரும் மறந்தார்கள். குளிர்பெட்டி மட்டும் நிலைத்துவிட்டது. ‘குளிர்பெட்டித் தாய்’ என்ற வசைச்சொல் பிறந்தது இப்படித்தான்.

சிகாகோவில் மனநலம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் இந்த எண்ணத்தை இன்னும் தூரம் கொண்டுசென்றார். வியன்னாவில் பிறந்த யூதரான அவர் டாகவ், புகன்வால்ட் ஆகிய நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர். அந்த முகாம்களில் நம்பிக்கை இழந்து தமக்குள் ஒடுங்கிய கைதிகளை ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு ஒப்பிட்டு 1967இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். அந்த ஒப்பீட்டில் முகாம் காவலரின் இடத்தில் வந்து நிற்பவர் தாய். பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைப்பதே சிகிச்சை என்றாயிற்று. பேச்சு வராத பிள்ளையை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட பெண்ணிடம் இதைவிடக் கொடிய சொல்லைச் சொல்லியிருக்க முடியாது.

முதல் வலுவான மறுப்பு 1964இல் வந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றியவரும், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உடல் சார்ந்த நிலை என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் கானர். 1969இல் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் கானரே அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

ஷாப்லரின் பணி

ஷாப்லரும் யூத அகதிதான். ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் பிறந்த அவர், 1938இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். பெட்டல்ஹைம் ஆசிரியராக இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே படித்து 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உளப்பகுப்பாய்வு வழியில் குழந்தையை அதன் போக்கில் விளையாட விட்டுவிட்டு, பெற்றோரின் மனத்தில் காரணம் தேடும் முறை அன்று பரவலாக இருந்தது. ஷாப்லரும் மனநல மருத்துவர் ராபர்ட் ரைக்லரும் 1966இல் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியுதவியோடு ஐந்தாண்டு ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கி, இம்முறையைத் தலைகீழாக்கினார்கள். சிகிச்சையாளர் ஒருவர் குழந்தையோடு மேசையில் அமர்ந்து வேலை செய்வார். ஒருபுறம் மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெற்றோர் அதைக் கவனிப்பார்கள். அருகில் இன்னொரு சிகிச்சையாளர் நடப்பதை விளக்குவார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் எழுதித் தரப்படும். பிறகு ஒரு நாள் இடம் மாறும்: தாயோ தந்தையோ குழந்தையோடு வேலை செய்ய, சிகிச்சையாளர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கற்றுக்கொள்வார்கள். இந்த இடமாற்றம்தான் முழுத் திட்டத்தின் உயிர். தன் பிள்ளையைப் பற்றி மற்ற எவரையும்விட அதிகம் அறிந்தவர் பெற்றோர் என்பதைச் சொல்லால் அல்லாமல் நடைமுறையால் ஏற்றுக்கொண்டது அது.

1971இல் ஷாப்லர் எழுதிய கட்டுரை, பெற்றோரைப் பலியாடுகள் என்றே தலைப்பில் குறிப்பிட்டது. நோயின் காரணம் தெரியாமல், சிகிச்சையும் பலிக்காமல் திணறிய நிபுணர்கள், தங்கள் இயலாமையை எளிதில் அகப்பட்டவர்கள் மீது இறக்கி வைத்தார்கள் என்பது அதன் சாரம்.

கற்பிக்கும் முறை

ஷாப்லரின் ஆய்வுகளில், தன்போக்கில் விடப்பட்ட நேரங்களைவிட ஒழுங்கமைக்கப்பட்ட நேரங்களில் குழந்தைகள் நன்றாகச் செயல்பட்டார்கள். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது பலருக்கு எளிதாகப் பிடிபட்டது. எனவே நாளின் நிகழ்ச்சிகள் படங்களாகச் சுவரில் வரிசையாக இருக்கும். இடப்பக்கம் செய்ய வேண்டிய வேலை, வலப்பக்கம் முடித்ததைப் போடும் பெட்டி. எவ்வளவு வேலை, எப்போது முடியும், அடுத்து என்ன என்பது பேசாமலே விளங்கும். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை ஊருக்கெல்லாம் ஒன்று. இங்கே பிள்ளைக்கு ஒன்று.

மதிப்பீட்டிலும் ஒரு புதுமை உண்டு. 1979இல் வெளியான இவர்களின் மதிப்பீட்டுக் கருவியில் தேர்ச்சி, தோல்வி என்பவற்றுக்கு நடுவே ‘துளிர்க்கிறது’ என்று சொல்லத்தக்க மூன்றாவது நிலையும் இருந்தது. சட்டைப் பொத்தானைத் துளைவரை கொண்டுபோய் நிறுத்திவிடும் குழந்தைக்கு அந்த மதிப்பு. பயிற்சி தொடங்க வேண்டிய இடமும் அதுவே. மதிப்பெண் போட்டுப் பழகிய ஆசிரியர் எவருக்கும் இதன் அருமை புரியும்.

சட்டமன்றத்தில் பெற்றோர்

ஐந்தாண்டு நிதி முடிந்தபோது திட்டத்தைக் காப்பாற்றியவர்கள் பெற்றோர்களே. அவர்கள் வட கரோலினா சட்டமன்ற உறுப்பினர்களிடம் வாதாடினார்கள். 1972இல் சட்டம் நிறைவேறியது. ஆட்டிசத்துக்காக மாநிலம் தழுவிய முதல் அரசுத் திட்டமாக டீச் உருவானது. மூன்று வட்டார மையங்களும், பொதுப் பள்ளிகளில் தனி வகுப்பறைகளும் தொடங்கின. பின்னாளில் பெரியவர்களுக்கான வேலைவாய்ப்பு உதவியும் சேர்ந்தது. ஷாப்லர் 1993 வரை இதன் இயக்குநராக இருந்தார்.

கானர் நிறுவிய ஆட்டிசம் ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பு 1974இல் ஷாப்லரிடம் வந்து 1997 வரை நீடித்தது. அந்த ஆய்விதழில் நிபுணர்களின் கட்டுரைகளோடு பெற்றோர் பேசுவதற்கென்றே ஒரு பகுதியும் இடம்பெற்றது.